தை மாதத் தொண்டைக்கட்டு

ஜனவரி 17
காணும் பொங்கல் கபடியில் பாடின பையன்கள் நாலு பேர். நாலு பேருக்கும் தொண்டை கம்மல். மூன்று பேருக்கு ஒரு வாரத்தில் தானே விட்டுவிடும். நாலாவது பையனுக்கு ஆயுத பூஜையிலிருந்தே இப்படித்தானாம். எட்டு வயது, 'ஆ' என்று இழுக்கச் சொன்னால் 4 வினாடியில் மூச்சு தீர்கிறது, 10 வரையாவது போக வேண்டும். நாலு வாரம் தாண்டிய கரகரப்பை ஸ்கோப் விட்டுப் பார்க்காமல் சளி மருந்து எழுதக்கூடாது. பார்த்ததில் இரண்டு குரல்நாணிலும் நொய்யரிசி அளவில் வெள்ளைப் புடைப்பு, நேருக்கு நேர், முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி. கத்தும்போது பலமாக மோதிக்கொள்ளும் இடம். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுகிற மாதிரிதான்.

ஜனவரி 18
நீடாமங்கலத்துக் குழந்தை வரவில்லை.

ஜனவரி 20
"கிசுகிசுன்னுதான் பேசணும்னு சொல்லி வச்சிருக்கேன்" என்கிறார் கபடிப் பையனின் அம்மா. அதிலும் தொண்டை இறுகும். தணிந்த சாதாரணக் குரல் போதும். கொல்லையிலிருந்து கூப்பிடாமல் கிட்டப் போய்ப் பேசட்டும். செருமத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர். குரல் பயிற்சிக்கு டம்ளரில் இரண்டு விரற்கடைத் தண்ணீர், ஸ்ட்ரா நுனி மட்டும் முங்க, 'ஊ' என்று குமிழி விட வேண்டும். காகித ஸ்ட்ரா சீக்கிரமே நமுத்துவிடுகிறது, சனியன்.
அறுவை வேண்டாம். கத்துகிற பழக்கம் போகாவிட்டால் வெட்டினாலும் மறுபடி வரும். பெரும்பாலும் மகரக்கட்டு உடைகிற வயதுக்குள் கரைந்துவிடும்.
சித்தரத்தைக் கஷாயம் கொடுக்கலாமா என்றார். இதமாக இருக்கும், ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் இறங்குகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. தேன் மட்டும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது.

ஜனவரி 23
அறுப்பு மெஷின் இறங்கிவிட்டது. வைக்கோல் தூசி, வாசல் நிறைய இருமல். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக் குரல் கம்மின இரண்டு பிள்ளைகள். இன்ஹேலர் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்து இழுக்க வேண்டும், பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 24
நீடாமங்கலத்துக் குழந்தை வந்தாள். மூன்று வயது, ஏழு மாதக் கரகரப்பு. இதுவரை 'இழுப்பு' என்று நெபுலைசர், எதற்கும் அசையவில்லை. இழுப்பு என்றால் மூச்சை விடும்போது விசில் அடிக்கும். இவளுக்கு உள்ளே இழுக்கும்போது சத்தம், கழுத்துக்குழி பள்ளமாகிறது. அழுகிறாள், குரல் வரவில்லை. கபடிப் பையனுக்குக் காலையில் தெளிந்து சாயங்காலம் மோசமாகும், இவளுக்கு ஏறுமுகம்தான். பாப்பிலோமா சந்தேகம். எச்பிவி 6, 11 வகைக் கிருமியால் குரல்நாணில் மருக்கள். எடுக்க எடுக்க முளைக்கும். தஞ்சாவூருக்கு உடனே, ஆக்சிஜன் வைத்த வண்டியில். படுக்க வைக்கக்கூடாது, அம்மா மடியிலேயே உட்கார்ந்து போகட்டும். தொண்டைக்குள் குச்சி விட்டு யாரும் பார்க்கவேண்டாம் என்று சீட்டில் இரண்டு தடவை எழுதினேன்.

ஜனவரி 25
போன் வரவில்லை.

ஜனவரி 27
கபடிப் பையன், 'ஆ': 6 வினாடி. தஞ்சாவூர் லைன் பிஸி.