இரண்டு கடவைகள்

ஜனவரி 6, சனி

நெஞ்சுக் கிளினிக். சோதனைக்குத் திகதி தரவில்லை. "கோல் வரும், ஃபோனை ஓஃப் பண்ணி வைக்காதேங்கோ ஐயா." போன முறை அண்ணை என்று கூப்பிட்ட பெடியன்தான்.

சைக்கிள் ஓடலாமா என்று டொக்டரிடம் நானேதான் கேட்டேன். ஏற்றம் இறக்கம் இல்லாத பாதையில் மெல்ல ஓடலாம், மூச்சு வாங்கினால் உடனே இறங்கவேண்டும், வாகனம் பறக்கிற பெரிய றோட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். என் மனிசி பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டவ. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவவுக்கு 'வேண்டாம்' மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

ஜனவரி 7

சைக்கிள் சாவியைக் காணவில்லை.

ஜனவரி 8, திங்கள்

மகள் படம் அனுப்பியிருக்கிறாள். இங்கிலாந்தில், ஷெஃபீல்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலமாம், பேக்வெல் என்ற ஊர். நடுவில் ஒரு ஆறு, சுற்றிவரக் குன்றுகள், கல்லால் கட்டின பழைய பாலம். அங்கிருந்து எட்டரை மைலுக்கு சைக்கிளுக்கும் நடைக்கும் குதிரைக்கும் மட்டும் பாதை. மோட்டார் ஒன்றும் வராது. மொன்சால் பாதை என்று பெயர்.

குன்றுக்குள்ளே பாதை எப்படி மட்டமாக இருக்கும் என்று கேட்டேன். "அது பழைய றெயில் பாதையப்பா" என்றாள். பிறகுதான் விளங்கியது. றெயில் எஞ்சினால் செங்குத்தாக ஏறமுடியாது. அதனால் 1863இல் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்துக்குப் பாலம் கட்டி, மலையைக் குடைந்து, முடிந்தவரை சமமாக இழுத்திருக்கிறார்கள். 1968இல் றெயில் நின்றுவிட்டது. சுரங்கங்கள் கனகாலம் பூட்டிக் கிடந்து 2011இல்தான் திறந்தார்களாம். ஒவ்வொரு பெரிய சுரங்கமும் ஏறக்குறைய நானூறு மீற்றர் வரும், உள்ளே லைற் போட்டிருக்கிறது. எஞ்சினுக்காகப் பார்த்த வாட்டம் இப்போது என்னைப்போல நெஞ்சுக்காரருக்கு உதவுகிறது.

அந்தக் காலத்தில் ரஸ்கின் என்றொரு பெரிய எழுத்தாளர் இந்த றெயிலுக்கு எதிராகக் கத்தினாராம். இந்த ஊர் மடையன் அரை மணியில் அந்த ஊருக்குப் போகலாம், அந்த ஊர் மடையன் இங்கே வரலாம், இதற்காகவா பள்ளத்தாக்கை அழித்தீர்கள் என்று. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எங்கள் யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலையில் மலை கிடையாது, தொண்டைமானாற்றில் ஓடுவது கடனீரேரி. பெயர் வைப்பதில் மட்டும் ஒரு குறையும் விடவில்லை.

ஜனவரி 10, புதன்

ஆனால் ஆறு இருக்கிறது. மாரியில் மட்டும்தான், இருந்தாலும் ஆறுதான். தெல்லிப்பளை, அளவெட்டிப் பக்கத்து மழைத் தண்ணீர் கூடி எங்கள் கந்தரோடையைத் தொட்டு, சண்டிலிப்பாய், நவாலிப் பக்கமாக இறங்கி அராலியில் கடலோடு சேரும் வழுக்கியாறு. இதன் கரையைப் பிடித்தே அராலிவரை போகமுடியாதா? பத்துக் கிலோமீற்றருக்குள்தான் வரும்.

பின்னேரம் முழுக்க மின்சார பில்லின் பின்பக்கத்தில் கீறிக்கொண்டிருந்தேன். ஒழுங்கைகள், வயல் வரம்பு, கிறவல் றோட்டு, கோயில் வீதி. வாகனம் ஓடும் றோட்டை எத்தனை இடத்தில் கடக்கவேண்டும் என்றுதான் கணக்கு. முதலில் ஐந்து வந்தது. இரண்டு ஒழுங்கையை மாற்றினால் மூன்று. மதகுக்கு அடியால் உருட்டலாம் என்று பார்த்தால் இரண்டு. மானிப்பாய்–காரைநகர் வீதி ஒன்று. மற்றது அராலியில், கல்லுண்டாய்ப் பக்கமிருந்து வருகிற றோட்டு. இந்த இரண்டையும் கழிக்கவே முடியவில்லை. காபெற் போட்டபிறகு ரிப்பர் லொறிக்காரனுக்கும் ஹயஸ் வான்காரனுக்கும் அது றோட்டு இல்லை, ஓடுதளம்.

நெடுந்தீவுக்குப் போனால் வாகனமே குறைவு, குதிரைதான் குறுக்கே வரும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பெடியன். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். நடுக்கடலில் நெஞ்சு நொந்தால்? இவவுக்கு இது காதில் விழவே கூடாது.

இரண்டு.

ஜனவரி 11

நாலு மணிக்கே முழிப்பு. கோல் இல்லை.

ஜனவரி 13, சனி

சாவி சீனிப் போத்தலுக்குள் இருந்தது. எனக்குச் சீனி நிப்பாட்டி ஒன்றரை வருசம், நான் திறக்கமாட்டேன் என்ற துணிவு. இவ கோயிலுக்குப் போன நேரம் சைக்கிளை எடுத்துவிட்டேன்.

முதலில் கந்தரோடையின் பழைய பௌத்த தூபிகள் இருக்கும் வளவு தாண்டவேண்டும். தெற்கிலிருந்து வந்த பஸ் ஒன்று ஒழுங்கை வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதைக் கடவையில் சேர்ப்பதா? நிற்கிற வாகனம். சேர்க்கவில்லை.

பிறகு தோட்டங்கள். செம்மண் ஈரமாக இருந்தது. வெங்காயத்துக்கு இறைப்பு மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும். வயல் தொடங்கும் இடத்தில் மண் நிறம் மாறுகிறது, சிவப்பு போய் சாம்பல். சைக்கிளில் போனால்தான் இது கண்ணில் படும், மோட்டச்சைக்கிளில் போகிறவனுக்கு இரண்டும் ஒரே புழுதி. மதகடியில் இறங்கி நின்றேன். தண்ணீர் முழங்கால் அளவு, தேத்தண்ணி நிறம். ஒரு கொக்கு ஒற்றைக் காலில். மூச்சு வாங்கவில்லை. உண்மையாக வாங்கவில்லை, இதை எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது பின் ரயருக்குள் உடைமுள். உருட்டிக்கொண்டே வந்தேன். படலையில் இவ நிற்கிறா. முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன், ஏன் என்று தெரியாது. அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உள்ளே போய்விட்டா. திட்டியிருந்தால் நல்லது.

ஜனவரி 15

பொங்கல். சர்க்கரை இல்லாத பொங்கல் எனக்குத் தனியாக ஒரு சின்னப் பானையில்.

ஜனவரி 19, வெள்ளி

இரவு நித்திரை இல்லை. மகளின் றெயில் பாதை மண்டைக்குள் ஓடுகிறது.

எங்களிடமும் இருந்ததே! 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கு றெயில் நின்றுவிட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. மிஞ்சினது கல்லும் மண்ணும் போட்ட ஒரு நீட்டு மேடு. கொக்குவிலிலிருந்து இணுவில் பக்கம் நான் அதில் சைக்கிள் ஓடியிருக்கிறேன். பெற்றோல் வராத காலம், ஊரே சைக்கிளில்தான். இரவில் சைக்கிளைத் தலைகீழாக வைத்து ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். செய்தி முடியும்வரை நிற்பாட்டக்கூடாது. இப்ப நினைத்தால் வாகனமில்லாப் பாதைக்கு அப்போது ஒரு குறையும் இருக்கவில்லை, குடாநாடே அப்படித்தான். யார் கேட்டது?

அந்த ஒக்ரோபர் 30 இரவும் வந்துவிட்டது, வரவேண்டாம் என்றாலும். 1995, ஊரே இடம்பெயர்ந்த இரவு. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனம். சைக்கிள் இருந்தது, ஓட முடியாது. கரியரில் பாயும் பானையும், பாரில் மகள், ஹாண்டிலில் இரண்டு பை. இவ பின்னாலே மட்காட்டைப் பிடித்தபடி நடந்தவ. மழை வேறு. விடியும்வரை அந்தப் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் அந்தச் சனத்துக்குள் தேடியே பிடித்திருக்க முடியாது.

2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரை றெயில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நல்லதுதான். ரஸ்கின் இருந்தால் எங்கள் ஊர் மடையர்களையும் எண்ணியிருப்பார்.

ஜனவரி 22, திங்கள்

ஃபோன் அடித்தது. நான்தான் ஓடிப்போய் எடுத்தேன், ஓடக்கூடாது என்பது எடுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. லீசிங் வேண்டுமா என்று ஒரு பிள்ளை. பாவம், நல்லா ஏச்சு வாங்கிவிட்டாள்.

இன்றைக்குப் பாதை, ஆறு, கடவை எல்லாம் விசர் வேலையாகத் தெரிகிறது. அறுபத்துமூன்று வயது. பில்லைக் கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 23

ஒட்டிவிட்டேன்.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். புதிர் எடுத்தோம். புது நெல்லரிசிச் சோறு, இரண்டு கவளம் கூடத்தான் சாப்பிட்டேன். அரிவு வெட்டு தொடங்கிவிட்டது. சண்டிலிப்பாய்ப் பக்கம் காபெற் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறதாம். பெடியன் சொன்னான், வாகனமெல்லாம் ஊர்ந்துதான் போகிறதாம். கல் வைத்து எல்லை கட்டியிருக்கிறார்கள், யாரும் ஏற்ற மாட்டார்கள், நெல்லின்மேல் ஏற்ற எவனுக்கும் மனம் வராது.

அப்படியென்றால் முதல் கடவை இந்தக் கிழமை அரைக் கடவைதான். மொத்தம் ஒன்றரை.

ஜனவரி 26, வெள்ளி

கோல் வந்தது. செவ்வாய், காலை ஆறு மணி, வெறும் வயிறு. கை இரத்தக்குழாய் வழியாக நெஞ்சுக்கு வயர் விட்டுப் பார்ப்பார்களாம். தேவைப்பட்டால் அப்போதே பலூன் வைத்து அடைப்பை ஊதிவிடுவார்களாம்.

இவவுக்குச் சொன்னேன்: "அடைச்சுக் கிடந்த சுரங்கத்தைத் திறக்கிறதுதான், 2011இல அங்க திறந்த மாதிரி." சிரிக்கவில்லை. பிறகு குசினிக்குள் போய், "உள்ளுக்க லைற் போடுவினமோ?" என்றா.

ஜனவரி 27, சனி

நாளைக்கு ஞாயிறு. காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் அராலியில் வெயில் ஏறமுதல் நிற்கலாம். உவர்த்தண்ணி உள்ளே வராமல் தடுக்கிற அந்தக் கதவணைவரை. தண்ணீர்ப் போத்தல், நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை, ஃபோன். இவவிடம் நேரே கேட்டுவிட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா.

பின்னேரம் பெடியனிடம் காற்று அடிக்கச் சொன்னேன். இரவு விறாந்தையில் லைற்றைப் போட்டுப் பார்த்தால் இரண்டு சைக்கிள் நிற்கிறது. அவவுடையதன் ரயரை அமத்திப் பார்த்தேன். கல்லுப்போல இருந்தது.

நான் ஒன்றுக்குத்தான் சொன்னனான்.

ஜனவரி 28, ஞாயிறு, 5.10

தூறுகிறது. தை முடியும் முன்னம் இதென்ன மழை. நெல்லுக்காரர் எழும்பிப் படங்கு தேடுவார்கள். இவ தலையில் துவாய் கட்டிக்கொண்டு படலைவரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து