கியர் பாக்ஸ் ஆயில் சீல்: இன்ஜினை இறக்காமல் வீட்டிலேயே மாற்றினேன்

என் பழைய 100 சிசி பைக்கில் இடது பக்க செயின் கவருக்கு அடியில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. செயினுக்கு அடித்த ஆயிலாகவும் இருக்கலாம். ஆனால் பின் டயரின் ஓரம்வரை ஈரம் தெறித்திருந்ததால் தள்ளிப்போட மனம் வரவில்லை. டயரில் ஆயில் பட்டால் வளைவில் வண்டி நிற்காது.

இந்த வகை பைக்குகளில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீளும் ஷாஃப்டில், செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட் இருக்கும். அதற்குப் பின்னால், ஷாஃப்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். அது போனால் இன்ஜின் ஆயிலே குறையும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும், அதாவது உள்ளே இறுகி நின்றுவிடும்.

கழற்றுவதற்கு முன் எங்கே கசிகிறது என்று உறுதி செய்துகொள்வதுதான் முக்கியமான வேலை. கியர் லீவர் ஷாஃப்டுக்கும் பக்கத்திலேயே தனியாக ஒரு சீல் உண்டு. இரண்டில் எது கசிந்தாலும் ஆயில் ஒரே இடத்துக்குத்தான் வழியும். கவரைக் கழற்றி, டீசலும் பிரஷும் கொண்டு கழுவி, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். வண்டியை ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் மட்டும் பவுடர் நனைந்திருந்தது. கியர் லீவர் பக்கம் காய்ந்தே இருந்தது.

சீல் மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். சில இன்ஜின்களில் சீல் கிராங்க்கேஸின் (இன்ஜினின் வெளிக்கூடு) இரண்டு பாதிகளுக்கு நடுவே சிக்கியிருக்கும். அவற்றுக்கு அது சரி. என் வண்டியில் வெளியிலிருந்து அழுத்திப் பொருத்திய சீல். அதனால்தான் துணிந்தேன்.

ஆயில் மாற்றும் நேரமும் நெருங்கியிருந்ததால் முழுவதையும் வடித்துவிட்டேன். பின் பிரேக்கைத் தம்பி மிதித்துப் பிடிக்க, ஸ்ப்ராக்கெட் லாக் பிளேட்டின் இரண்டு போல்ட்டுகளையும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினேன். ஸ்ப்ராக்கெட் வெளியே வந்ததும் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். அது ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புது சீல் போட்டாலும் சீக்கிரமே கசியும். நல்லவேளை, ஆட்டம் இல்லை.

பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டேன். அப்புறம் அதன் முகத்தில் மெல்லிய துளை போட்டு, சிறிய ஸ்க்ரூவைத் திருகி, பிளையரால் இழுத்தேன். இங்கே அவசரமே கூடாது. சீலுக்குப் பின்னாலேயே பேரிங் இருக்கிறது, டிரில் பிட் ஆழமாக இறங்கினால் போச்சு. இரும்புத் தூள் உள்ளே விழாமலிருக்க பிட்டின் நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டேன். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பவில்லை. ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகவே ஆயில் வரும்.

வெளியே வந்த சீலின் ரப்பர் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொடும் உள் விளிம்பு, பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அதைக் காட்டித்தான் கடையில் வாங்கினேன். "ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ள போகணும் தம்பி, மாத்திப் போட்டுடாதீங்க" என்றார் கடைக்கார அண்ணன். அந்த ஸ்பிரிங்தான் உதட்டை ஷாஃப்டோடு அழுத்திப் பிடிக்கிறது. அது ஆயில் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

ஷாஃப்டின் பல்வரிசைகள் கூர்மையானவை. புது உதடு அதில் கிழியாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் இன்ஜின் ஆயில் தடவிச் சீலை நுழைத்தேன். சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியாக வரும் பிவிசி பைப் துண்டை வைத்து, சுற்றிலும் சமமாக இறங்கும்படி மெல்லத் தட்டினேன். பழைய ஆழம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

செயினை மறுபடி மாட்டும்போது டென்ஷனைக் கவனித்தேன். செயின் அதிக இறுக்கமாக இருந்தால் ஷாஃப்டை ஒரு பக்கமாக இழுத்து, பேரிங்கையும் சீலையும் சேர்த்தே தேய்க்கும். மேனுவலில் சொன்ன தளர்வை வைத்து, புது ஆயிலை அளவாக ஊற்றினேன். மறுபடியும் பவுடர் தூவி ஓட்டிப் பார்த்ததில் எங்கும் ஈரமில்லை.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். கியர் லீவர் சீலுக்கும் அதே வயதுதான். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதையும் மாற்றிவிடப் போகிறேன்.