படகில் தூங்கியவர்

இஸ்ரேலில் இருக்கும் நாசரேத்து எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஊரின் நடுவே 1969-ல் அர்ச்சிக்கப்பட்ட மங்கள வார்த்தைப் பேராலயம் மலைபோல் நிற்கிறது. கீழ்த்தளத்தில் இயேசுவின் தாய் மரியாளின் வீடு என்று நம்பப்படும் குகை. சுவர்களெங்கும் பல நாடுகள் அனுப்பிய மாதா படங்கள். தாயைப் பற்றி அங்கே எல்லாம் இருக்கிறது. முப்பது வயது வரை அந்த ஊரில் வேலை செய்து சாப்பிட்ட மகனைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் பெயரே வராத சிற்றூர் அது என்பதை, கடைத்தெரு நெரிசலில் நின்றுகொண்டு நம்புவது கஷ்டம்.

அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் செப்போரிஸ் இருக்கிறது. இயேசு சிறுவனாக இருந்த காலத்தில் கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அந்த நகரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான். நாசரேத்தின் தச்சர்கள் அங்கே கூலிக்குப் போயிருக்கக்கூடும் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்திகளில் அந்த நகரத்தின் பெயர்கூட இல்லை. இப்போது அங்கே பார்க்க வேண்டியவை பிற்காலத்து மொசைக் தரைகள். அழகானவை, ஆனால் நான் வந்த காரியத்துக்கு உதவாதவை.

நான் வந்த காரியம் இதுதான்: பள்ளிக்கூட நாட்களிலிருந்து எனக்குத் தெரிந்த இயேசு, காலண்டரில் வெள்ளை அங்கியோடு நிற்பவர். பசிக்காது, களைக்காது, கோபம் வந்தாலும் அளவாக வரும். அவருக்குள்ளே ஒரு ஆள் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பையில் மாற்கு நற்செய்தியை மட்டும் வைத்திருந்தேன். பதினாறே அதிகாரம். நான்கு நற்செய்திகளிலும் முந்தியது, ஏறத்தாழ கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

முந்தியது என்பதால் அதில் பூச்சு வேலை குறைவு. சொந்த ஊரார் “இவன் தச்சன் அல்லவா” என்று மாற்குவில் கேட்கிறார்கள். பிந்திய மத்தேயு நற்செய்தியில் அது “தச்சனுடைய குமாரன்” ஆகிவிடுகிறது. வீட்டார் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துப்போக வந்த செய்தி மாற்குவில் இருக்கிறது. மத்தேயுவும் லூக்காவும் அதை விட்டுவிட்டார்கள். பக்தர்கள் கற்பனை செய்து சேர்க்கும் விஷயமா அது? குருவுக்குப் பெருமை தராத வரிகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

திபேரியாவிலிருந்து ஏரிக்கரையோடு வடக்கே போகும் பஸ்ஸில் கினோசாரில் இறங்கினேன். கலிலேயாக் கடல் என்று சொன்னாலும், ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி அது. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 1986-ல், மழை பொய்த்து நீர் வற்றிய சமயத்தில், இந்தக் கரையின் சேற்றில் ஒரு பழைய படகின் விளிம்பை மீனவச் சகோதரர்கள் இருவர் கண்டார்கள். ஈரம் காய்ந்தால் மரம் உதிர்ந்துவிடும். அதனால் படகு முழுவதையும் நுரை ரசாயனத்தால் பொதிந்து, தண்ணீரில் மிதக்கவிட்டே கொண்டுவந்தார்கள். பிறகு பல வருடங்கள் மெழுகுக் கரைசலில் ஊறப்போட்டார்கள். காலம் முதலாம் நூற்றாண்டையொட்டியது. இயேசு ஏறிய படகு என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. காட்சியகமும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சுற்றுலாக்காரர்கள்தாம் ‘இயேசு படகு’ என்கிறார்கள்.

அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். எட்டு மீட்டர் சொச்சம் நீளம், இரண்டேகால் மீட்டர் அகலம். கேதுருப் பலகைகளும் கருவாலிச் சட்டங்களும் முக்கியம்; மீதியெல்லாம் கைக்குக் கிடைத்த மரம். ஏறக்குறைய பன்னிரண்டு வகை மரம் இருக்கிறதாம். ஓரிடத்தில் பலகைக்குள் சின்னத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஒட்டு. வேறு படகிலிருந்து கழற்றிய பலகையும் இதில் உண்டு. கடைசியில் இனி இது தேறாது என்று முடிவு செய்து, உதவக்கூடிய பாகங்களைக் கழற்றிக்கொண்டு கைவிட்டிருக்கிறார்கள். வறுமையில் வேலை செய்த ஒரு கெட்டிக்காரத் தச்சனின் கை அதில் தெரிகிறது.

பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கிறது. சுக்கான் பிடிப்பவன் நிற்கும் மேடை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு ஆள் ஒடுங்கிப் படுக்கலாம். மாற்கு சொல்லும் இடமும் அதுதான்: ஏரியில் புயல் அடித்து அலைகள் படகில் மோதியபோது, இயேசு படகின் பின்புறத்தில், தலையணை வைத்துக்கொண்டு தூங்கினார். என் பக்கத்தில் ஒரு யாத்திரைக் குழு. சீடர்களின் விசுவாசத்தைச் சோதிக்க அவர் தூங்குவதுபோல் படுத்திருந்தார் என்று வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அன்று பகல் முழுவதும் கூட்டத்துக்குப் பேசியவர். கூட்டம் நெருக்கியதால் படகில் உட்கார்ந்தே பேச வேண்டியிருந்தது. அசந்து தூங்கினார் என்றால் என்ன குறைந்துவிடும்? சீடர்களின் குரலும் பக்திக் குரல் அல்ல. “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று மாற்குவில் எரிச்சலோடு கேட்கிறார்கள். மத்தேயுவில் அதுவே “ஆண்டவரே! எங்களை இரட்சியும்” என்ற ஜெபமாக மாறிவிடுகிறது.

இயேசு தங்கிப் போதித்த ஏரிக்கரை ஊரான கப்பர்நகூமில் எல்லாம் கருங்கல். எரிமலைப் பாறை. நடுவில் சுண்ணாம்புக் கல்லால் ஆன வெள்ளை ஜெப ஆலயம் மட்டும் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கூப்பிடு தூரத்தில், சீடர் பேதுருவின் வீடு என்று சொல்லப்படும் இடிபாடு. அதன்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோணக் கோயில் கட்டினார்கள். 1990-ல் தூண்களின்மேல் ஒரு நவீன ஆலயத்தை நிறுத்திவிட்டார்கள், பறக்கும் தட்டு வந்து இறங்கியதுபோல. அதன் கண்ணாடித் தரை வழியாகக் கீழே எட்டிப்பார்த்தால் அந்த அறை தெரிகிறது.

அக்கம்பக்கத்து வீடுகளின் சுவர்கள்தாம் எனக்கு விஷயத்தைச் சொல்லின. செதுக்காத கற்களை அடுக்கிய சுவர்கள். கனமான கூரையைத் தாங்காது. மரக்கிளையும் மண்ணும் வேய்ந்த கூரையாகத்தான் இருந்திருக்கும். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நண்பர்கள் கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்களே, அது இங்கே சாத்தியம். அறைக்கு அறை இடைவெளியும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் ஊரே இந்த வாசலில் கூடியது என்கிறார் மாற்கு. மறுநாள் இருட்டோடு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், இயேசு ஊருக்கு வெளியே போய்விடுகிறார். ஜெபிக்கத்தான் போனார். ஆனாலும் அந்தச் சந்துகளைப் பார்த்த பிறகு, தனிமைக்காகவும் தவித்திருப்பார் என்று தோன்றியது.

அங்கிருந்து தப்காவுக்கு ஏரியோரமாகவே நடக்கலாம், மூன்று கிலோமீட்டர் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று எழுந்து, வழவழவென்று கிடந்த தண்ணீர் சட்டென்று சுருக்கம் விழுந்தது. வழியில் ஒரு மரநிழலில் உட்கார்ந்து மாற்குவின் ஏழாம் அதிகாரத்தைப் படித்தேன். தீரு நாட்டுப் பக்கம், யூதரல்லாத ஒரு பெண் தன் மகளுக்காகக் கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது சரியல்ல என்கிறார் அவர். கடுமையான பேச்சு; சப்பைக்கட்டு கட்டாமல் படித்தால் வலிக்கிறது. மேசையின் கீழே நாய்க்குட்டிகள் பிள்ளைகள் சிந்தும் துணுக்குகளைத் தின்னுமே என்று அவள் மடக்குகிறாள். நீ சொன்ன இந்த வார்த்தைக்காகவே போ, பிசாசு உன் மகளை விட்டுப் போயிற்று என்று அவர் இறங்கிவருகிறார். யூத மதக் குழுவினரான பரிசேயரையும் சதுசேயரையும் வாயடைக்க வைத்தவர், ஒரு பெண்ணிடம் வாதத்தில் தோற்று, தோற்றதை ஒப்புக்கொள்கிறார். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

தப்காவில் 1933-ல் கட்டிய சிறிய கருங்கல் தேவாலயம் தண்ணீரை ஒட்டியே இருக்கிறது. உயிர்த்தெழுந்தவர் சீடர்களுக்குக் காலை உணவு கொடுத்த இடம் என்பது மரபு. இந்தக் கதை யோவான் நற்செய்தியில் வருகிறது. கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்து, அப்பமும் தயாராக வைத்திருக்கிறார். இரவெல்லாம் வலை வீசியவர்கள் வந்து இறங்கியதும், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். மரணத்தை வென்று வந்தவர் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இவர் செய்யக்கூடியதுதான். இறந்துகிடந்த சிறுமியை, யவீரு என்பவரின் மகளை, எழுப்பிய கையோடு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று சொன்னவர்தானே.

ராத்திரி திபேரியாவில் ‘பேதுரு மீன்’ சாப்பிட்டேன். உள்ளூர்ப் பெயர் முஷ்ட். நம் ஊர் ஜிலேபிக் கெண்டையின் உறவு. பேதுரு தூண்டில் போட்டுப் பிடித்து, வாயில் காசைக் கண்ட மீன் இதுதான் என்று உணவகத்தார் சொல்கிறார்கள். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் மீன் எந்தத் தூண்டிலைக் கடிக்கும்? முள் அதிகம், விலை அதைவிட அதிகம். பேதுரு கேட்டால் சிரிப்பார். கூடவே அவருடைய குருவும். நான்கு நற்செய்திகளிலும் இயேசு சிரித்ததாக ஒரு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் போஜனப்பிரியன், மதுபானப்பிரியன், வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குச் சிநேகிதன் என்று எதிரிகளிடம் பெயர் வாங்கிய மனிதர், அத்தனை பந்திகளிலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்?