பிஸ்கட் டப்பாக் கணக்கு

மார்ச் 9, 2025, ஞாயிறு

ஊரார் வரவு செலவை எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். பம்ப்செட் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு வேலை. ஆனால் என் எட்டு வயதுப் பையனுக்கு அவன் அப்பாவிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனு போட, அவனுக்கு மாதம் என்ன செலவாகிறது என்று வக்கீலம்மா கேட்டபோது திணறிவிட்டேன். "பத்துப் பன்னிரண்டாயிரம் ஆகும்" என்றேன். "பத்தா, பன்னிரண்டா?" என்றார்.

அதனால் இன்று ரசீதுகள் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். மருந்துக்கடைச் சீட்டுகளில் பாதி மங்கி வெள்ளைத் தாளாகிவிட்டன. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்.

பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 66,000, மாதத்துக்கு 5,500. வேனுக்கு 1,500, ஆனால் பதினோரு மாதம்தான் வாங்குகிறார்கள், ஆகவே 1,375. இளைப்புக்கு இன்ஹேலரும் டாக்டர் கட்டணமும் சராசரியாக 1,100. சாப்பாடு 3,500. செஸ் வகுப்பு 1,200. துணிமணி, ஷூ 600. வீட்டு வாடகை 9,000. என் அப்பா, நான், பையன் என மூன்று தலைக்குப் பிரித்தால் அவன் பங்கு 3,000. முடிவெட்டு, நண்பர்களின் பிறந்தநாள் பரிசு, இந்த ஆண்டில் தொலைத்த மூன்றாவது தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 725. மொத்தம் 17,000. இப்படி முழு எண்ணாக வந்து நின்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். சரிதான்.

மார்ச் 12, புதன்

மனு போட்டாயிற்று. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 144ஆவது பிரிவு. சென்ற ஆண்டு ஜூலைக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆக இருந்தது. கோர்ட் வராந்தாவில் இன்னும் எல்லோரும் நூற்றிருபத்தைந்து என்றுதான் சொல்கிறார்கள். எனக்கென்று எதுவும் கேட்கவில்லை, பையனுக்கு மட்டும்.

தட்டச்சு செய்த பெரியவர் தொகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் காலத்தில் புருஷன் எவ்வளவு பெரிய சம்பளக்காரனாக இருந்தாலும் ஐந்நூறுக்கு மேல் அடித்ததில்லை, அம்மா." சட்டத்திலேயே 500 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்ததாம். 2001 திருத்தத்தில்தான் எடுத்தார்கள்.

மனுவோடு சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரம் ஒன்றும் உண்டு. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த படிவம். இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த் தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். வங்கிக் கணக்கு, நகை, காப்பீடு, யார் யாரைப் பராமரிக்கிறோம் என்று ஒன்றையும் விடவில்லை. நகைக்கான இடத்தில் "மூன்று பவுன், அடகில்" என்று எழுதும்போது அப்பா பக்கத்தில் இருந்தார். அவருக்கு அது இன்றுதான் தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

மாமா வந்திருந்தார். "இதற்கு எதற்கம்மா இவ்வளவு கணக்கு? சம்பளத்தில் கால் பங்கு. கோர்ட்டே சொல்லியிருக்கிறது" என்றார்.

அந்தக் கால் பங்கு எங்கிருந்து வந்தது என்று வக்கீலம்மாவிடம் போனில் கேட்டேன். 2017இல் மேற்கு வங்காளத்து வழக்கொன்றில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்குத் தருவது நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கேயும் கணவருக்கு மறுமணமாகிக் குழந்தை இருந்ததால் 23,000 என்பதை 20,000 ஆகக் குறைத்துத்தான் கொடுத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் வாய்ப்பாடு அல்ல அது. டெல்லி உயர் நீதிமன்றம் 2004இல் வேறொரு வழி சொன்னதாம்: குடும்ப வருமானத்தை ஒரு கேக்காக எண்ணி, சம்பாதிக்கிற கணவருக்கு இரண்டு துண்டு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. "அதையே பிடித்துக்கொள்ளலாமே?" என்றேன். "வெட்டலாம். ஆனால் கேக் எவ்வளவு பெரியது என்று அவர் சொல்ல வேண்டுமே!" என்றார்.

இங்கிலாந்தில் அட்டவணையே இருக்கிறது. வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை சம்பளம் வாங்குபவர் ஒரு குழந்தைக்கு 12 சதவீதம் தர வேண்டும். குழந்தை அவரிடம் தங்கும் இரவுகளுக்கு ஏற்ப அது குறையும். கணக்கு எழுதுகிறவளுக்கு அதைக் கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

பையனுடைய அப்பாவின் பிரமாணப் பத்திரம் இன்றுதான் கைக்கு வந்தது. நான்கு வாரமாவது ஒன்றாவது.

ஓசூர் கம்பெனியின் சம்பளச் சீட்டுகள், ஜனவரியிலிருந்து மே வரை. மொத்தச் சம்பளம் 62,000. கையில் நிற்பது 29,000 என்று உறுதிமொழி. இடைப்பட்ட 33,000 எங்கே போகிறது என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டாய வைப்பு நிதி 4,000. கூட்டுறவுச் சங்கக் கடன் 11,500. கார் தவணை 9,500. விருப்ப வைப்பு நிதி 8,000.

அந்தக் கடைசி எட்டாயிரத்தில் பென்சில் நின்றுவிட்டது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சீட்டுகளில் அந்த இடத்தில் சுழி. ஏப்ரலில் 8,000. நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்தது மார்ச் கடைசியில். நிதியாண்டுத் தொடக்கத்தில்தான் அந்தப் பிடித்தத்தை மாற்ற முடியும் என்று அவர் தரப்பில் சொல்லக்கூடும். உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

வக்கீலம்மா விளக்கினார். வருமான வரி, சட்டப்படியான வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தங்களைத்தான் பொதுவாக நீதிமன்றம் கழிக்கும். நாமாக விரும்பிச் சேர்க்கும் சேமிப்பு, வாங்கிய கடனுக்கான தவணை இவற்றைக் காட்டிக் குழந்தையின் பங்கைச் சுருக்க முடியாது. அப்படிப் பார்த்தால் அவர் வருமானம் 58,000, என்னுடையது 24,000.

பராமரிக்கப்படுவோர் என்ற இடத்தில் தாயாருக்கு மாதம் 8,000 என்று எழுதியிருந்தார். அதில் நான் வட்டம் போடவில்லை. அந்த அம்மாளின் இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு ஆண்டுகள் எடுத்து வைத்தவள் நான்.

ஜூலை 17, வியாழன்

வாய்தா. அவர் வக்கீலுக்குக் காய்ச்சல். அரை நாள் சம்பளம் போயிற்று, ஜெராக்ஸ் 84 ரூபாய். வழக்கு முடியும்வரை இடைக்காலமாகத் தொகை கேட்கும் மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் "கூடியவரை"க்குள் எத்தனை காய்ச்சல் அடங்கும் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

வாதம் நடந்தது. இருபது நிமிடம்தான்.

"அம்மாவும் சம்பாதிக்கிறார், ஆகவே பாதிப் பாதி" என்பது அவர்கள் பக்கம். வக்கீலம்மா 2020 தீர்ப்பையே எடுத்தார். குழந்தையின் படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தந்தை ஏற்க வேண்டும். தாய் போதுமான அளவு சம்பாதித்தால் இருவரும் வருமான விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. பாதி வேறு, விகிதம் வேறு. 58க்கு 24 என்றால் நூற்றுக்கு 71 அவருடையது. பதினேழாயிரத்தில் 12,000 சொச்சம்.

செஸ் வகுப்பை ஆடம்பரம் என்றார் எதிர் வக்கீல். கூடுதல் பயிற்சி வகுப்புகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஆனால் தொகை அளவோடு இருக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. 1,200 தப்பித்தது. வாடகையில்தான் அடி விழுந்தது. "பையன் இல்லாவிட்டாலும் இவர் வாடகை கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி எரிச்சலாக இருந்தது. தவறான கேள்வி என்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் பையன் இல்லாவிட்டால் நானும் அப்பாவும் ஓர் அறை வீட்டிலேயே இருந்திருப்போம். அதை யாரும் கேட்கவில்லை, நானும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

உத்தரவு வந்தது. மாதம் 10,500, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள். மனு போட்ட மார்ச் 12 முதல் கணக்கு. அதுவும் 2020 தீர்ப்பு சொன்னதுதான். ஆறு மாத நிலுவை 63,000. இடையில் அவர் இரண்டு முறை மும்மூவாயிரம் அனுப்பியிருந்ததை நானே சொன்னேன். அதைக் கழித்து 57,000, மூன்று தவணையில்.

10,500 எப்படி வந்தது என்று உத்தரவில் இல்லை. "இருவரின் வருமானத்தையும் குழந்தையின் தேவையையும் கருத்தில் கொண்டு" என்று ஒரே வரி. இரவு பையன் தூங்கிய பிறகு விடையிலிருந்து கணக்கைப் பின்னோக்கிப் போட்டேன். வாடகைப் பங்கை முழுதாக எடுத்துவிட்டால் 9,900தான் வருகிறது. பாதியாக்கினால் 10,960. பாதியாக்கி, தாயாருக்குத் தரும் 8,000ஐயும் அவர் வருமானத்தில் கழித்தால் 50க்கு 24. பதினைந்தாயிரத்து ஐந்நூறில் அவர் பங்கு 10,473.

நீதிபதி இப்படித்தான் போட்டார் என்று சொல்ல மாட்டேன். மனத்தில் ஒரு தொகையை நினைத்து எழுதியிருக்கலாம். ஆனாலும் அந்த 10,473ஐப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

ஐந்தாம் தேதி ஞாயிறு. நேற்று வந்தது. மாதத் தொகையும் முதல் தவணை 19,000மும் சேர்த்து 29,500 வந்திருக்க வேண்டும். வந்தது 29,000.

வக்கீலம்மாவைக் கேட்டேன். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் அது விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், அதை வசூலிக்கும் வாரண்டுக்கு மனு போட வேண்டுமாம். விட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். "ஐந்நூறு ரூபாய்க்கா போடப் போகிறீர்கள்?" என்று சிரித்தார். போடப் போவதில்லை. ஆனால் பேரேட்டில் "பாக்கி 500" என்று எழுதி, பக்கத்தில் 2026 அக்டோபர் என்று குறித்துவைத்தேன்.

நான் எழுதுவதைப் பையன் எட்டிப் பார்த்தான். "அப்பா பணமா அம்மா?" "ஆமாம், கண்ணு." "அப்படியென்றால் தீபாவளிக்கு ஷூ வாங்கலாமா?" காலைத் தாளில் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். ஜூனில் வாங்கியதற்கு இப்போது பெருவிரல் இடிக்கிறதாம். துணிமணி, ஷூ 600 என்று எழுதியிருந்தேனே, குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.