ஆல்ஃபிரட் மஸூரைத் தேர்வுக்குப் படிக்கும்போது கட்டங்களை எண்ணுங்கள்

சித்திரக்கதை வரலாற்றுத் தாளில் புலம்பெயர்ந்த ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் நெதர்லாந்தின் மஸூர் நல்ல தேர்வு. நைமேகனில் 1914-இல் பிறந்தார், இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறினார், 1974-இல் இறந்தார். இதை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். பலர் இதிலேயே ஒரு பக்கத்தைத் தீர்த்துவிட்டு, அவர் வரைந்ததைப் பற்றிச் சொல்ல இடமில்லாமல் திணறுகிறார்கள்.

அவர் பெயர் சொல்லும் படைப்பு, 1940களின் தொடக்கத்தில் வந்த 'டிக் பொஸ்'. ஜூ-ஜிட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை தெரிந்த துப்பறிவாளன். சட்டைப் பையில் அடங்கும் குட்டிப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு கட்டம், அதாவது ஒரு படச்சட்டம், மிஞ்சினால் இரண்டு. கையைப் பிடிப்பது ஒரு பக்கம், இடுப்பைக் கொடுத்துத் தூக்குவது அடுத்த பக்கம், எதிராளி விழுவது அதற்கடுத்தது என்று சண்டையை நிதானமாகப் பிரிக்கலாம். பக்கம் புரட்டும் விரலே சண்டைக்கு வேகம் கொடுக்கும்.

லண்டனில் நிலைமை வேறு. 1954-இல் 'டெய்லி மிரர்' நாளிதழில் 'ரோமியோ பிரவுன்' தொடங்கினார். இவனும் துப்பறிவாளன்தான், ஆனால் நகைச்சுவைக் கதை. ஒரு நாளைக்கு ஒரு பட்டை (ஒரே வரிசையில் அமைந்த படங்கள்), பெரும்பாலும் மூன்று கட்டம், வாரத்துக்கு ஆறு நாள். முதல் கட்டம் நேற்றைய கதையை நினைவூட்ட வேண்டும், கடைசிக் கட்டம் நாளைக்குக் கொக்கி போட வேண்டும். நடுவில் மிஞ்சுவது ஒரே கட்டம். விடைத்தாளின் உயிர் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

இதைக் கையால் வரைந்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். நான்கு சிறு அட்டைகளில் பிடி, இடுப்பு, தூக்கு, வீழ்ச்சி என வரையுங்கள். பிறகு 30 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரமுள்ள பட்டையை மூன்றாகப் பிரித்து, அதே சண்டையை அதற்குள் அடக்குங்கள். வழக்கமாக நடக்கும் தவறு: தூக்கும் காட்சி அழகாக வருகிறதே என்று நடுக்கட்டத்தை அதற்குக் கொடுத்துவிடுவார்கள். வீழ்ச்சி மூன்றாவதுக்குத் தள்ளப்படும், கொக்கிக்கு இடமிருக்காது. தூக்குவதை விட்டுவிட்டு நடுவில் வீழ்ச்சியைக் காட்டுங்கள். மூன்றாவதில் கொக்கியாக ஒரு கதவு திறக்கட்டும்.

குழப்பம் வருவது இரண்டு இடத்தில். முதலாவது, இரண்டு வேறு நடவடிக்கைகளை ஒன்றாக்கிவிடுவது. டிக் பொஸ்ஸைத் தங்கள் பிரசாரத்துக்குத் தர மஸூர் மறுத்ததால் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அதிகாரிகள் விதித்த தடை வேறு. படப்புத்தகங்களைப் பள்ளிக்குள் விடாதீர்கள் என்று 1948-இல் நெதர்லாந்தின் கல்வி அமைச்சர் ருட்டன் அனுப்பிய சுற்றறிக்கை வேறு, அது சட்டமல்ல.

இரண்டாவது, ரோமியோ பிரவுனை முழுக்க இன்னொரு ஓவியரான ஜிம் ஹோல்டவே பெயரில் எழுதிவிடுவது. ஹோல்டவே 1957-இல்தான் அந்தத் தொடருக்கு வந்தார், கதாசிரியர் பீட்டர் ஓ'டானலின் கதைக்கு வரைந்தார். பின்னர் அந்த இணை உருவாக்கிய மாடஸ்டி பிளைஸிதான் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு 'மாடஸ்டி' ஆனாள். ஆகவே ஒரு பட்டையை மேற்கோள் காட்டுமுன் வெளிவந்த தேதியைப் பாருங்கள். 1958 என்றோ அதற்குப் பிறகோ இருந்தால் அது மஸூரின் கை அல்ல.