வித்தியாசம் எந்தப் பக்கமாக ஓடுகிறது?

உயர்தரச் செயற்றிட்டங்களிலும் வளாக முதலாம் ஆண்டு ஒப்படைகளிலும் மாதிரி, அதாவது எல்லோரையும் கேட்க முடியாததால் எடுக்கும் சிலர், பற்றி ஒரு வசனம் தவறாமல் வரும்: "எழுமாற்றாக 50 பேர் தெரிவுசெய்யப்பட்டனர்." எந்தப் பட்டியலிலிருந்து, எப்படி என்று தேடினால் ஒன்றும் இராது. பின்னேரம் ஐந்து மணிக்குத் திருகோணமலை டச்பே கடற்கரையில் எதிர்ப்பட்ட 50 பேரை மறித்துக் கேட்பது எழுமாற்று அல்ல, கைக்கெட்டியதை எடுப்பது. எழுமாற்று என்றால் ஒவ்வொருவரும் அகப்படும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியவேண்டும். அந்த நேரத்தில் திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருப்பவருக்கும், வீட்டில் பிள்ளைக்குப் பால் கரைப்பவருக்கும் அந்த வாய்ப்பு பூச்சியம்.

ஆளைக் கூட்டினால் இது சரிவராது. 1936 அமெரிக்க சனாதிபதித் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 இலட்சத்துக்கும் அதிகமான பதில்களை எண்ணி, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் ஏறத்தாழ 61 சதவீத வாக்குடன். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தோர், கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து வந்தவை. போதாக்குறைக்கு, பதில் எழுதியவர்களும் எழுதாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல.

ஆகவே முதலில் பட்டியல். ஒரு கிராம அலுவலர் பிரிவில் குடிநீர் பற்றி வீடுவீடாகக் கேட்கப்போகிறீர்கள் என்றால் உங்கள் அலகு வீடு, ஆள் அல்ல. வாக்காளர் இடாப்பு சுலபமாகக் கிடைக்கிறது என்று அதிலிருந்து பெயர்களைக் குலுக்கி எடுத்து அந்தந்த வீட்டுக்குப் போனால், ஐந்து வாக்காளர் உள்ள வீடு ஒரு வாக்காளர் உள்ள வீட்டைவிட ஐந்து மடங்கு வாய்ப்போடு வந்து விழும். வீட்டு இலக்கங்களாக மாற்றி எழுதிவிட்டுக் குலுக்குங்கள். ஆளைத்தான் கேட்கவேண்டும் என்றால் வீட்டைத் தெரிந்தபின், அங்குள்ள பெரியவர்களில் அடுத்ததாகப் பிறந்தநாள் வரப்போகிறவரைக் கேளுங்கள். கதவு திறந்தவரையே கேட்டால் காலை பதினொரு மணிக்கு யார் வீட்டில் இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

பட்டியலே போட முடியாதவையும் உண்டு. திருகோணமலையில் கோட்டைக்குள்ளும் நகரத்துக்குள்ளும் திரிகிற புள்ளிமான்களுக்கு வாக்காளர் இடாப்பு கிடையாது. அங்கே மானைத் தெரிய முடியாது. வரைபடத்தைச் சதுரங்களாகவும் நாளை மணித்தியாலங்களாகவும் வெட்டி, இடத்தையும் நேரத்தையும் தெரியவேண்டும்.

குலுக்கலில் இரண்டு சிறு பிழைகள். 800 வீடுகளுக்குக் கணிப்பானில் மூன்று இலக்க எழுமாற்று எண் எடுக்கும்போது 000 வந்தாலும் 800ஐத் தாண்டினாலும் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். வீணாகிறதே என்று 801ஐ 1 ஆகவும் 950ஐ 150 ஆகவும் மாற்றினால் 1 முதல் 199 வரையான வீடுகளுக்கு இரட்டை வாய்ப்பு. எக்செல்லில் செய்தால், ராண்ட் (RAND) என்ற சார்பு தரும் எழுமாற்று எண்கள் தாளில் கைவைக்கும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். உடனே நகலெடுத்து, பெறுமானமாக ஒட்டிவிட்டு வரிசைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் எந்த 40 வீட்டைத் தெரிந்தீர்கள் என்று பிறகு உங்களாலேயே காட்ட முடியாது.

முறைமை மாதிரி இதைவிட வேலை குறைந்தது. 800 வீடு, 40 வேண்டும், இடைவெளி 20. 1 முதல் 20க்குள் ஒரு தொடக்கத்தை எழுமாற்றாக எடுத்து, பிறகு ஒவ்வொரு 20ஆவது வீடு. பட்டியலுக்குள் ஒரு தாளம் ஒளிந்திருந்தால்தான் வினை. ஒழுங்கைக்குப் பத்து வீடாகக் கட்டிய வீட்டுத்திட்டத்தில், தொடக்கம் 1 என்று விழுந்தால் மூலை வீடு மட்டுமே அகப்படும். இடைவெளியை 19 ஆக்கினால் தாளம் உடைந்துவிடும். 42 அல்லது 43 வீடு வரும், அவ்வளவுதான்.

இன்னும் நல்ல உதாரணம் மீன் விலை. ஏழு நாளுக்கு ஒருமுறை என்று எடுத்து, அந்த நாள் வெள்ளியாக அமைந்தால்? இந்து வீடுகள் பலவற்றில் அன்று மரக்கறி, முஸ்லிம் மீனவர்களுக்கு ஜும்ஆ. நீங்கள் அளந்தது சந்தையை அல்ல, வெள்ளிக்கிழமையை. சரி, 28 நாளுக்கு ஒருமுறை என்றால் அதுவும் ஏழின் மடங்கு. போதாததற்கு நிலவின் சுற்று சுமார் 29½ நாள் என்பதால் சில மாதங்களுக்கு ஏறத்தாழ ஒரே நிலவுக் காலத்தையே பிடிப்பீர்கள். வெளிச்சம் போட்டுப் பிடிக்கிறவர்களுக்கு நிலவு எவ்வளவு முக்கியம் என்று கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இனிப் பெரிய குழப்பத்துக்கு வருவோம்: படைகொண்ட மாதிரியும் கொத்து மாதிரியும். இரண்டிலும் குடித்தொகையை, அதாவது ஆராயும் முழுக் கூட்டத்தை, கூறுபோடுகிறோம் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். வரைவிலக்கணத்தைப் பாடமாக்குவதை விட்டு, ஒரு கேள்வி கேளுங்கள்: நான் அளக்கப்போவது எந்தப் பக்கமாக மாறுகிறது? வித்தியாசம் கூறுகளுக்கு இடையில் இருந்தால் அவை படைகள். எல்லாப் படையிலிருந்தும் சிலரை எடுங்கள். வித்தியாசம் ஒவ்வொரு கூறுக்குள்ளேயும் அடங்கியிருந்தால் அவை கொத்துகள். சில கொத்துகளை மட்டும் எடுத்தால் போதும்.

திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். இவற்றைக் கொத்துகளாக வைத்து இரண்டைக் குலுக்கி எடுத்தால் கிண்ணியாவும் வெருகலும் வரலாம். உங்கள் மாதிரியில் சிங்களக் குடும்பம் அநேகமாக இராது. கோமரங்கடவலையும் பதவிசிறிபுரவும் வந்தால் தமிழ்க் குடும்பத்தைத் தேடவேண்டியிருக்கும். மொழி, தொழில், தண்ணீர் எல்லாமே பிரிவுக்குப் பிரிவு மாறுகிற மாவட்டத்தில் பிரிவுகள் படைகளாகத்தான் இருக்கலாம். படைக்குள்ளே இறங்கி, கிராம அலுவலர் பிரிவுகளைக் கொத்துகளாக எடுங்கள். பஸ் காசும் மிச்சம், ஒருவரும் விடுபடவும் மாட்டார்கள்.

படைகளிலிருந்து விகிதப்படி எடுக்காவிட்டால் பிறகு நிறையிட, அதாவது ஒவ்வொரு படையின் விடையையும் மொத்தத்தில் அதன் பங்கால் பெருக்கிக் கூட்ட, மறக்கக்கூடாது. கணக்குக்காக, 2,000 வீடுகள்: நகரம் 1,200, களப்புக்கரை 600, உட்கிராமம் 200. மாதிரி 200ஐ விகிதப்படி பிரித்தால் 120, 60, 20. உட்கிராமத்துக்கு 20 போதாது என்று 80, 60, 60 எடுத்தீர்கள். கிணற்றை மட்டும் நம்புவோர் முறையே 10, 30, 60 சதவீதம் என்று வந்தது. தலைகளை எண்ணினால் 8 + 18 + 36 = 62, அதாவது 31 சதவீதம். பிழை. 0.6, 0.3, 0.1 என்று நிறையிட்டால் 6 + 9 + 6 = 21 சதவீதம். பத்துப் புள்ளி வித்தியாசம், ஒரே தரவிலிருந்து.

மாதிரியின் பருமன் பற்றி: 95 சதவீத நம்பிக்கை, ±5 சதவீத எல்லை (இப்படி நூறு மாதிரி எடுத்தால் சுமார் 95இல் விடை உண்மையிலிருந்து 5 புள்ளிக்குள் இருக்கும்) என்றால் எல்லோரும் 385 என்பார்கள். அது பெரிய குடித்தொகையில் எளிய எழுமாற்று மாதிரிக்கு உரிய எண். மொத்தமே 800 வீடு என்றால் 260 போதும். மறுபக்கம், கொத்துக்கு 20 வீடு எடுத்து, கொத்துக்குள் ஒற்றுமைக் குணகம் (ஒரே கொத்தின் வீடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95 ஆல் பெருக்கவேண்டும். 385 என்பது 751 ஆகிவிடும். கொத்துக்குப் பத்து வீடாகக் குறைத்து, கொத்துகளைக் கூட்டினால் 559. அதிகம் கொத்து, கொத்துக்குக் கொஞ்சம் வீடு என்பதே இலாபம்.

பரிசோதனை வேறு விடயம். இங்கே குலுக்குவது யாரைக் கேட்பது என்பதற்கல்ல, யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்கு. ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளையும் போகாதவர்களையும் ஒப்பிட்டுவிட்டு ரியூசனின் பலன் இவ்வளவு என்று எழுதுவது பரிசோதனை அல்ல. போவதா விடுவதா என்று தீர்மானித்தது நீங்கள் அல்லவே. 1954இல் அமெரிக்காவில் நடந்த போலியோ தடுப்பூசிப் பரிசோதனையில், எழுமாற்றாகப் பிரித்த பகுதிகளில், தடுப்பூசி பெற்ற பிள்ளைகளில் இலட்சத்துக்கு 28 பேருக்கு நோய் வந்தது, வெற்றூசி பெற்றவர்களில் 71. பெற்றோர் சம்மதிக்காததால் ஊசியே போடாதவர்களில் 46! வெற்றூசியில் ஒன்றுமில்லை, ஆனாலும் 71க்கும் 46க்கும் இவ்வளவு இடைவெளி. சம்மதித்த குடும்பங்கள் பெரும்பாலும் வசதியானவை. சுத்தமான சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு அந்நோயின் ஆபத்து அதிகம். தடுப்பூசி பெற்றவர்களை மறுத்தவர்களோடு ஒப்பிட்டிருந்தால் தடுப்பூசியின் பலன் இலட்சத்துக்கு 43இலிருந்து 18 ஆகச் சுருங்கித் தெரிந்திருக்கும்.

வயலில் அதே கேள்வி மண்ணோடும் தண்ணீரோடும் வரும். தம்பலகாமத்தில் ஒரு வயலில், மொத்த யூரியா அளவை மாற்றாமல், ஒரே தடவையில், இரண்டாக, மூன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் முந்தி வரும், கடைக்கோடியில் பிந்தும். வித்தியாசம் வாய்க்காலோடு ஓடுகிறது. ஆகவே வாய்க்கால் நெடுக நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாக மூன்று பாத்திகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கவேண்டும். படையும் கட்டமும் ஒரே யோசனைதான். ஒரு குலுக்கலை நான்கு கட்டத்துக்கும் பிரதிபண்ணினால், ஒரே முறை எப்போதும் வரம்போரப் பாத்தியில் போய் நிற்கும்.

பாத்தி 5 மீற்றருக்கு 4 மீற்றர். ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு, தனி வாய்மடை. ஒரு பாத்தியின் தண்ணீர் அடுத்ததற்கு வடிந்தால் யூரியாவும் கூடவே போகும், முறைகளுக்கிடையில் வித்தியாசமே தெரியாது. வெட்டும்போது சுற்றிவர அரை மீற்றரை விட்டுவிட்டு நடுவில் 12 சதுர மீற்றரை மட்டும் நிறுங்கள். வரம்போரப் பயிருக்கு வெளிச்சம் அதிகம். நெல்லின் ஈரத்தையும் 14 சதவீதத்துக்குத் திருத்தவேண்டும்: 20 சதவீத ஈரத்தில் 6.2 கிலோ என்றால் 6.2 × 80 ÷ 86 = 5.77 கிலோ.

அடிக்கடி நடக்கும் பிழை, ஒரு வயல் முழுக்க ஒரு முறை, பக்கத்து வயல் முழுக்க மற்றது, ஒவ்வொன்றிலும் இருபது இடத்தில் சதுரம் வைத்து வெட்டி "மாதிரி 40" என்று எழுதுவது. அங்கே உள்ளது முறைக்கு ஒன்று, மொத்தம் இரண்டு அவதானிப்புகள். அந்த இரு வயலுக்கும் இடையில் மண் வேறு, உழவு வேறு, விதைத்த நாள் வேறு. எதனால் வந்த வித்தியாசம் என்று எந்தச் சோதனையும் பிரித்துச் சொல்லாது.

இரவில் யானை புகுந்து ஒரு பாத்தியை மிதித்துவிட்டால், பக்கத்துப் பாத்தியைப் பார்த்து ஒரு எண்ணை ஊகித்து நிரப்ப வேண்டாம். காணாமற்போனது என்றே எழுதிவிட்டுப் பகுப்பாயுங்கள். 12 பாத்தியில் வழுவுக்கு, அதாவது முறையாலும் கட்டத்தாலும் வராத ஏற்ற இறக்கத்தை மதிப்பிட, இருந்த 6 சுயாதீனப் படிகள் (சுயாதீனமான தகவல் துண்டுகளின் எண்ணிக்கை) 5 ஆகும்.