பாவாடை நாடா

“அது நாடா உரசிய புண் ஆயா. தேங்காய் எண்ணெய் தடவுங்கள், ஆறிவிடும்.”

நான் சொன்னது இவ்வளவுதான். காய்ச்சலுக்கு ஊசி போட இடுப்புச் சேலையைத் தளர்த்தியபோது, அவரே தொட்டுக் காட்டினார். துவரம்பருப்பு அளவில் ஒரு கருத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலி இல்லை, அரிப்பு இல்லை, ஒரு வாரமாக ஆறவும் இல்லை என்றார். “இது ஏன் பாப்பா இப்படி இருக்கிறது?” என்று கேட்டார். பஞ்சால் தேய்த்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு அடுத்த ஊசிக்குப் போய்விட்டேன்.

மார்கழி மாதம். ஒடுகத்தூர்ப் பக்கத்து மலையடிவார ஊர்களிலிருந்து காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டெங்கு இல்லை என்று வந்தால் எங்களுக்குப் பாதி நிம்மதி. ஆயாவுக்கு டெங்கு இல்லை, டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் ரத்தப் பரிசோதனை லேசாக பாசிட்டிவ். நம் ஊரில் வைடால் யாருக்குத்தான் பாசிட்டிவ் வராது என்று டாக்டரே சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு டைபாய்டு என்று எழுதுவார். அன்றும் எழுதினார். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஆரம்பித்தோம்.

மூன்றாம் நாள் இரவு ஆயாவுக்கு மூச்சு இரைத்தது. ஆக்சிஜன் வைத்தும் அளவு ஏறவில்லை. 108-ல் ஏற்றி வேலூருக்கு அனுப்பினோம். மறுநாள் மகன் போன் செய்தார். “ஸ்க்ரப் டைபஸாம் சிஸ்டர். இடுப்பில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு புண் இருந்ததாம், அதைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள்.”

இருந்ததாம். “அப்படியா” என்றேன்.

படிக்காதவள் அல்ல நான். ஓரியன்ஷியா சுசுகாமுஷி என்ற, அந்நோய்க் கிருமியின் வாயில் நுழையாத பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள். ஸ்க்ரப் டைபஸைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அந்தப் பெயர்மீதே எனக்குக் கோபம். உண்ணி என்றதும் எல்லோரும் ஆட்டையும் நாயையும் பார்க்கிறார்கள். பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிறு பூச்சியின் இளம்புழு. அது கடிப்பது தெரியாது. உடை இறுகும் இடமாகவோ மறைவான இடமாகவோ பார்த்துக் கடிக்கும்: இடுப்பு, தொடையிடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில். காய்ச்சல் வரப் பத்து நாள்போல ஆகும். அதற்குள் புல் அறுத்த நாளே மறந்துபோயிருக்கும். அந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது; செஃப்ட்ரியாக்சோனை எத்தனை பாட்டில் ஏற்றினாலும் அதற்கு உறைக்காது. டாக்ஸிசைக்ளின் வேண்டும், அல்லது அசித்ரோமைசின். எங்கள் மருந்து அலமாரியில் டாக்ஸிசைக்ளின் அட்டை அட்டையாக இருந்தது. மலிவான மாத்திரை.

எனக்காகவும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். நோயைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சேலைக்குக் கீழே பார்க்கவில்லை. ஆண் டாக்டர், வயதான பெண், திரை கிழிந்த ஓ.பி. அறை, அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாலும், எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். சோதனை முதல் வாரத்தில் நெகட்டிவாகவே வந்திருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆயா அதே இடத்தில் விரலை வைத்துக் காட்டுகிறார். பரிசோதனையே தேவைப்படாத விடை அங்கே இருந்தது. அவர் கேள்வியாகவே கேட்டார். தெரியாது என்றோ, டாக்டரிடம் காட்டலாம் என்றோ சொல்லியிருக்கலாம். நானோ பதில் சொன்னேன்.

வேலூரில் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். நான்கு நாள் வென்டிலேட்டர். நோய் முற்றியவர்களுக்கு ஒன்றைவிட இரண்டும் சேர்ந்தது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. சுமார் 800 நோயாளிகள். சிக்கல்கள் குறைந்தன, ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. மற்றவர்கள் அதை எப்படி வாசிப்பார்களோ, நான் அந்த வரியில் எங்களிடம் வீணான மூன்று நாளைத்தான் வாசித்தேன்.

அதன்பிறகு நான் கொஞ்சம் அளவு மீறித்தான் போனேன். காய்ச்சல் என்று யார் வந்தாலும் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தேடினேன். ஒரு பெரியவரின் தொடையில் கருப்புப் பொருக்கைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். பீடி நெருப்பு விழுந்த காயம். வார்டே சிரித்தது. “எல்லாம் ஸ்க்ரப் டைபஸ் ஆகிவிடாது சிஸ்டர்” என்றார் டாக்டர். அடுத்த மாதம் ஒரு பெண்ணின் அக்குளில் உண்மையாகவே கிடைத்தது. மாத்திரை கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அதை வைத்து ஆயாவின் கணக்கை நேர்செய்ய முடியுமா என்று யோசித்தேன். அது வேறு கணக்கு.

ஆயா பிழைத்து வந்தார். தை முடிவதற்குள் ஒரு பை நிறைய மொச்சைக்காயோடு வந்து, என்னைத் தேடிக் கையில் கொடுத்தார். நான்தான் நேரத்தில் ஆம்புலன்ஸ் கூப்பிட்டுக் காப்பாற்றினேனாம். பக்கத்தில் மருமகள். ஆயா சேலையைச் சற்று இறக்கி, வெளுத்துப்போன தழும்பைக் காட்டினார்.

“அன்றைக்கே பாப்பா சொன்னது, நாடா உரசின புண் என்று. அதில்தான் விஷம் ஏறிவிட்டது. இவளிடம் தினமும் சொல்கிறேன், நாடாவை இறுக்கிக் கட்டாதே என்று.”

புல் அறுத்துவிட்டு வந்தால் குளித்துத் துணியை மாற்றச் சொன்னேன். புல்தரையில் உட்காராதீர்கள், துணியை அங்கே போடாதீர்கள் என்றேன். கருப்பாகப் பொருக்குத் தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று மருமகளிடம் இரண்டு முறை சொன்னேன். நாடாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மொச்சைக்காயை அன்று வீட்டுக்கு எடுத்துப்போகாமல் வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டேன்.